சத்தம், புரதம், கொழுப்பு: விலங்கு வளர்ப்பவர்களும் ஆய்வு செய்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆய்வுக்கூடத்தில் எலி வளர்ப்பவர், கோழிப்பண்ணை நடத்துபவர், கால்நடை மருத்துவம் படிப்பவர், வீட்டில் பூனை வைத்திருப்பவர் என்று கேட்பவர் மாறினாலும், சத்தமும் தீவனப் புரதமும் உடல் கொழுப்பை எப்படி மாற்றுகின்றன என்ற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றைக் கேட்ட வாக்கிலேயே எடுத்து, எளியதிலிருந்து சிக்கலானது வரை வரிசைப்படுத்தியிருக்கிறோம். முன்பே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் கேள்வி எண்ணைக் குறிப்பிட்டிருக்கிறோம்.

1. சத்தம் காதுக்குத்தானே போகுது? அதுக்கும் கொழுப்புக்கும் என்ன சம்பந்தம்?

காதில் விழுந்த சத்தம் கேட்கும் நரம்போடு நின்றுவிடுவதில்லை. மூளையில் ஆபத்தை எடைபோடும் பகுதிக்கும், அங்கிருந்து ஹைப்போதலாமஸுக்கும் செய்தி போகிறது. அதன்பிறகு உடல் இரண்டு வழிகளில் பதில் சொல்கிறது. ஒன்று பரிவு நரம்பு மண்டலம்: சில நொடிகளில் அட்ரினலினும் நாரட்ரினலினும் சுரக்கும். மற்றது சற்று நிதானமானது: ஹைப்போதலாமஸ் பிட்யூட்டரியைத் தூண்டும், பிட்யூட்டரி அட்ரினல் சுரப்பியைத் தூண்டும். மூன்று நான்கு நிமிடங்களில் இரத்தத்தில் குளுக்கோகார்ட்டிகாய்டு (அட்ரினல் சுரக்கும் அழுத்த ஹார்மோன்) ஏறத் தொடங்கி, ஏறக்குறைய கால் மணியிலிருந்து அரை மணிக்குள் உச்சத்துக்குப் போகும். இரண்டு வழியில் வரும் ஹார்மோன்களும் கொழுப்புத் திசுவோடு நேரடியாகப் பேசக்கூடியவை. சம்பந்தம் அங்கேதான்.

எலி, சுண்டெலி, கோழி ஆகியவற்றில் முக்கிய குளுக்கோகார்ட்டிகாய்டு கார்ட்டிகோஸ்டீரோன். பன்றி, மாடு, நாய், பூனை, மனிதர் ஆகியோரில் கார்ட்டிசோல். கோழி இரத்தத்தை அனுப்பி 'கார்ட்டிசோல் பார்க்கவும்' என்று எழுதிக் கொடுப்பது இன்றும் நடக்கிற தவறு.

2. சத்தத்துல கொழுப்பு கரையுமா, கூடுமா? ஒருத்தர் ஒண்ணு சொல்றார், இன்னொருத்தர் வேற சொல்றார்.

இருவரும் வெவ்வேறு நேரத்தில் பார்த்திருப்பார்கள். சத்தம் கேட்ட முதல் சில நிமிடங்களில் கொழுப்பு உடையும். நாரட்ரினலின் கொழுப்புச் செல்லின் பீட்டா ஏற்பிகளில் அமர்ந்ததும் செல்லுக்குள் இருக்கும், கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதிகள் முடுக்கிவிடப்படும். சேமித்து வைத்த ட்ரைகிளிசரைடு ஒவ்வொன்றும் மூன்று கொழுப்பமிலங்களாகவும் ஒரு கிளிசராலாகவும் பிரிந்து இரத்தத்துக்கு வரும். அந்த நேரத்தில் இரத்தம் எடுத்தவர் 'கரைகிறது' என்பார்.

சத்தம் வாரக்கணக்கில் நீடித்தால் கதை மாறும். குளுக்கோகார்ட்டிகாய்டு தசைப் புரதத்தை உடைத்து அமினோ அமிலங்களை ஈரலுக்கு அனுப்புகிறது. ஈரல் அவற்றைக் குளுக்கோஸாக மாற்றுகிறது. குளுக்கோஸ் ஏறுவதால் இன்சுலினும் ஏறுகிறது. குளுக்கோகார்ட்டிகாய்டும் இன்சுலினும் சேர்ந்து உயர்ந்து நிற்கும் உடலில், வயிற்றுக்குள் இருக்கும் கொழுப்புத் திசு கொழுப்பை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்தக் கட்டத்தில் உடலைத் திறந்து பார்த்தவர் 'கூடுகிறது' என்பார். எத்தனை நாள் சத்தம், எந்த இடத்துக் கொழுப்பு, விலங்கு எவ்வளவு தின்றது என்ற மூன்றும் தெரியாமல் கூடியது, குறைந்தது என்று பேசுவதில் பொருள் இல்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு இதுவே திறவுகோல்.

3. கரைஞ்சு வந்த கொழுப்பு எங்க போகும்?

ஓடித் தப்பிக்கிற விலங்கில் தசை அதை எரித்துவிடும். கூண்டிலோ கொட்டகையிலோ நிற்கும் விலங்கு ஓடுவதற்கு இடமில்லை. எரிக்கப்படாத கொழுப்பமிலத்தில் பெரும்பங்கு ஈரலுக்குப் போகிறது. அங்கே அதற்கு மூன்று வழிகள்: எரிவது (அதில் ஒரு பகுதி கீட்டோன்களாகும்), மறுபடி ட்ரைகிளிசரைடாகி வி.எல்.டி.எல் துகள்களில் (ஈரலிலிருந்து கொழுப்பைச் சுமந்து செல்பவை) ஏறி இரத்தத்துக்குத் திரும்புவது, அல்லது ஈரலிலேயே தங்குவது. மூன்றாவது வழிக்குப் போகும் அளவு, முதல் இரண்டும் எவ்வளவு நன்றாக நடக்கிறது என்பதைப் பொறுத்தது. அவற்றை நடத்துவதில் புரதத்துக்குப் பங்கு உண்டு. 10ஆம் கேள்வியில் வருகிறது.

4. எத்தனை டெசிபலுக்கு மேல போனா ஆபத்து?

ஒரே எண்ணாகக் கேட்டால் 85 டெசிபல். எலிகளில் அட்ரினல் பதில் தெளிவாகத் தெரியத் தொடங்குவது ஏறக்குறைய அந்த அளவில். ஆய்வு விலங்குப் பராமரிப்பு வழிகாட்டிகளும் 85ஐத் தாண்டும் சத்தத்தை எச்சரிக்கின்றன. பன்றிகள் இருக்கும் கட்டடத்தில் தொடர்ச்சியாக 85 டெசிபல் அளவுக்குச் சத்தம் இருக்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு ஆணை சொல்கிறது. ஆனால் 85க்குக் கீழே இருந்தால் தொல்லையே இல்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 65 டெசிபலில் ஓடிக்கொண்டே இருக்கும் மின்விசிறியைவிட, அமைதியான அறையில் எதிர்பாராமல் விழும் இரும்புத் தட்டு அதிகம் கலக்கும்.

டெசிபல் சாதாரணக் கூட்டல் கணக்கு அல்ல. 70 டெசிபல் விசிறி இரண்டு சேர்ந்தால் 73. பத்து சேர்ந்தால் 80. வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். சிமெண்டுச் சுவர் அறையில் எதிரொலி அந்தக் கணக்கைக் கெடுத்துவிடும். அதனால் அறை நடுவில் நின்று அளக்காமல் கூண்டுக்குள், விலங்கின் தலை இருக்கும் உயரத்தில் அளக்க வேண்டும்.

5. மீட்டர்ல 50தான் காட்டுது. எலிங்க ஏன் பதறுது?

மீட்டர் மனிதக் காதுக்காகச் செய்யப்பட்டது. 'ஏ' எடையிட்ட அளவு மனிதர் கேட்கும் விதத்தைப் பின்பற்றி மேல், கீழ் அதிர்வெண்களைக் கழித்துக் காட்டும். மனிதர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை கேட்கலாம். எலி ஏறக்குறைய 80 வரை கேட்கும். பன்றிக்கு 40 வரையும் நாய்க்கு 45 வரையும் எட்டும். கோழிக்கு மேல்பக்கம் குறைவு, 9 வரைதான். ஆனால் நமக்குக் கேட்காத மிகத் தாழ்ந்த ஒலிகளை அது உணரும்.

ஆகவே எலி அறையில் தேட வேண்டியவை வேறு: குழாயில் சீறி வரும் தண்ணீர், எண்ணெய் போடாத தள்ளுவண்டிச் சக்கரம், பழைய குழல்விளக்கின் சோக், கணினித் திரை, இயக்க உணர்விகள். இவற்றில் பல 20 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி எழுப்புபவை. எலியின் அபாயக் குரலே 22 கிலோஹெர்ட்ஸில்தான் வருகிறது, அதாவது ஒரு எலி அலறுவது பக்கத்துக் கூண்டுக்குக் கேட்கும், உங்களுக்குக் கேட்காது. மீயொலி அளக்கும் கருவி (வௌவால் ஆய்வாளர்கள் வைத்திருப்பது போதும்) ஒரு நாள் இரவல் வாங்கி அறையைச் சுற்றி வாருங்கள்.

6. நாலு நாள் போனா பழகிடாதா?

ஒரே சத்தம், ஒரே நேரம், ஒரே அளவு என்றால் பெருமளவு பழகும். எலிகளுக்குத் தினமும் அரைமணி நேரம் ஒரே உரத்த சத்தத்தைக் கொடுத்தால் கார்ட்டிகோஸ்டீரோன் உயர்வு நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வரும். நேரமும் அளவும் மாறி மாறி வந்தால் பழகுவது கடினம். ஆய்வுத் திட்டம் எழுதுபவர்கள் கவனிக்கவில்லை என்றால், ஆறு வாரம் 'சத்த அழுத்தம்' கொடுத்ததாக எழுதியிருப்பார்கள். உண்மையில் அழுத்தம் முதல் வாரத்தோடு முடிந்திருக்கும்.

ஹார்மோன் பழகிவிட்டாலும் உறக்கம் பழகாமல் போகலாம். எலி பகலில் உறங்கும் விலங்கு, நாம் வேலை செய்வதும் பகலில்தான். சத்தத்தால் உறக்கம் துண்டு துண்டாகிப்போன எலிகள் கூடுதலாகத் தின்று எடை கூடியதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. 2ஆம் கேள்வியில் சொன்னதோடு இந்த வழியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

7. சரி, புரதம் எப்படிக் கொழுப்பைத் தொடுது?

முதலில் சூடு. தின்ற புரதத்தின் ஆற்றலில் 20 முதல் 30 சதவீதம் அதைச் செரித்து, பிரித்து, கழிவு நைட்ரஜனை வெளியேற்றுவதிலேயே செலவாகும். மாவுப்பொருளுக்கு இது 5 முதல் 10, கொழுப்புக்கு 3க்கு உள்ளே. ஆக, ஒரே கலோரி தின்றாலும் புரதம் கூடிய தீவனத்தில் சேமிக்க மிஞ்சுவது குறைவு.

அடுத்தது ஈரல். மாவுப்பொருளின் இடத்தில் புரதம் வந்தால் குளுக்கோஸும் இன்சுலினும் துள்ளுவது குறையும், இன்சுலினுக்கு எதிராக வேலை செய்யும் குளுக்ககான் கூடும். புதுக் கொழுப்பை உருவாக்கும் நொதிகள் அடங்கும். மலோனைல்-கோ.ஏ. (புதுக் கொழுப்பு உருவாகும் வழியில் வரும் இடைப்பொருள்) குறைவதால் கொழுப்பமிலம் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் நுழையும் கதவு திறக்கும்; அந்தக் கதவில் வேலை செய்யும் கார்னிட்டினை உடல் லைசினிலிருந்தும் மெத்தியோனினிலிருந்தும் செய்கிறது. கறிக்கோழியில் இது கண்ணுக்கே தெரியும்: ஆற்றலை மாற்றாமல் புரதத்தை ஏற்றினால் வயிற்றுக் கொழுப்புப் பட்டை மெலியும்.

8. எவ்வளவு புரதம் போடணும்?

வயதையும் இனத்தையும் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. ஆய்வு எலிகளுக்கு 1993இல் வெளியான ஏ.ஐ.என்-93 என்ற தரப்படுத்திய தீவனத்தில், வளரும் எலிக்குக் கிலோவுக்கு 200 கிராம் கேசின் (பால் புரதம்), வளர்ந்து முடிந்ததற்கு 140 கிராம். கறிக்கோழிக்கு 1994ஆம் ஆண்டின் என்.ஆர்.சி. (அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் குழு) பரிந்துரை முதல் மூன்று வாரம் 23 சதவீதம், ஆறு வாரம் வரை 20, எட்டு வாரம் வரை 18. ஆற்றல் எல்லாக் கட்டத்திலும் கிலோவுக்கு 3200 கிலோகலோரி. இதை வகுத்துப் பாருங்கள்: ஒரு சதவீதப் புரதத்துக்கு 139, பிறகு 160, பிறகு 178 கிலோகலோரி. இந்த விகிதம் ஏற ஏறக் கோழி கொழுக்கும். நாய், பூனைத் தீவனத்தில் வளர்ந்த விலங்குக்கு அமெரிக்கத் தீவன அலுவலர் சங்கத்தின் குறைந்தபட்ச அளவு, உலர்பொருளில் நாய்க்கு 18, பூனைக்கு 26 சதவீதம்.

9. புரதத்தைக் குறைச்சா எலி மெலியும்னு நினைச்சேன். ஏன் அதிகமா தின்னுது?

புரதத் தேவை நிரம்பும் வரை விலங்கு தின்றுகொண்டே இருக்கப் பார்க்கும். தீவனத்தில் புரதம் நீர்த்துப்போயிருந்தால் அதை எட்டுவதற்குள் மாவும் கொழுப்பும் கூடுதலாக உள்ளே போய்விடும். இதைச் சிம்ப்சன், ரௌபன்ஹைமர் என்ற ஆய்வாளர்கள் 2005இல் 'புரத நெம்புகோல்' என்ற கருத்தாக முன்வைத்தார்கள். புரதம் குறையும்போது ஈரலிலிருந்து எஃப்.ஜி.எஃப்-21 என்ற ஹார்மோன் எழுவதும் இதில் சேர்த்தி. அது ஆற்றல் செலவையும் கூட்டுவதால், கூடுதலாகத் தின்றும் எடை ஏறாத எலிகளைக் காணலாம்.

இந்தக் கணக்கு மிதமான குறைவுக்கு மட்டுமே பொருந்தும். புரதம் 5 சதவீதத்துக்கும் கீழே போனால் எலி தின்பதையே குறைத்துவிடும், வளர்ச்சி நின்றுவிடும்.

10. தீவனத்துல கொழுப்பே கம்மி. இருந்தும் ஈரல் மஞ்சளா, வழவழன்னு இருக்கு. எப்படி?

ஈரலுக்குக் கொழுப்பு வருவதைப் பற்றி மட்டும் யோசித்தால் இது புரியாது. அங்கிருந்து வெளியேறுவதையும் பார்க்க வேண்டும். 3ஆம் கேள்வியில் சொன்ன வி.எல்.டி.எல் துகளை ஒரு சரக்கு வண்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் சட்டம் அப்போலிப்போபுரதம்-பி, அதைச் செய்ய அமினோ அமிலங்கள் வேண்டும். வண்டியின் உறை பாஸ்பாடிடைல்கோலின், அதற்குக் கோலின் வேண்டும். கோலின் போதாவிட்டால் மெத்தியோனினிலிருந்து மீதைல் தொகுதிகளை எடுத்து ஈரலே செய்துகொள்ளும். இரண்டுமே பற்றாக்குறை என்றால் சரக்கு ஏற்ற வண்டி கிடையாது, கொழுப்பு கிடங்கிலேயே கிடக்கும். கோலின் சேர்த்தால் எலி ஈரலின் கொழுப்பு குறைகிறது என்பதைச் சார்லஸ் பெஸ்ட் (இன்சுலினைக் கண்டறிந்தவர்களில் ஒருவர்) 1932லேயே காட்டினார்.

இப்போது சத்தத்தைச் சேர்த்துப் பாருங்கள். வாசலில் சரக்கு அதிகமாக வந்து இறங்குகிறது. உள்ளே வண்டி குறைவு. புரதம் குறைந்த தீவனமும் நீண்ட அழுத்தமும் சேரும் இடத்தில் ஈரல்தான் முதலில் அடிபடும் என்பதற்கு இதுவே காரணம்.

11. அப்ப சத்தம் இருக்குற இடத்துல புரதத்தை ஏத்திட்டா சரியாகிடுமா?

ஆகாது, ஆனால் பயன் உண்டு. அட்ரினல் சுரப்பதைப் புரதம் தடுப்பதில்லை. தசை உடைவதை முழுமையாக நிறுத்துவதும் இல்லை. அது செய்வது இரண்டு: உடைந்த தசையை மறுபடி கட்டப் பொருள் தருவது, ஈரலிலிருந்து கொழுப்பை ஏற்றி அனுப்ப வண்டி தருவது. தேவைக்குக் கீழே இருந்த தீவனத்தைத் தேவை அளவுக்கு உயர்த்தினால் பலன் நன்றாகத் தெரியும். ஏற்கனவே போதுமான அளவு இருக்கும் இடத்தில் மேலும் மேலும் ஏற்றினால் பலன் சுருங்கிக்கொண்டே போகும்.

மிஞ்சிய புரதம் சும்மா போவதும் இல்லை. நைட்ரஜன் யூரியாவாகவும், பறவைகளில் யூரிக் அமிலமாகவும் வெளியேறும். கோழி கூடுதலாகத் தண்ணீர் குடிக்கும், தரைக்கூளம் நனையும், அம்மோனியா ஏறும். காற்றில் அம்மோனியா 25 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 25 பங்கு) தாண்டினால் அதுவே தனி அழுத்தம். சத்தத்துக்கு மருந்தாகப் போட்ட புரதம் மூக்கெரிச்சலாகத் திரும்பி வருகிறது. முதல் செலவைச் சத்தத்தைக் குறைக்கச் செய்யுங்கள். தீவனத்தில் மொத்தப் புரதத்தைவிட மெத்தியோனின், லைசின், கோலின் அளவுகளைச் சரிபாருங்கள்.

12. எடை குறையவே இல்லையே. பாதிப்பு இல்லைன்னுதானே அர்த்தம்?

தராசு தசையையும் கொழுப்பையும் பிரித்துச் சொல்வதில்லை. கார்ட்டிகோஸ்டீரோன் கொடுக்கப்பட்ட கோழிக்குஞ்சுகளில் மார்புத் தசை மெலிந்து, ஈரலும் வயிற்றுக் கொழுப்பும் பெருக்கும். இழப்பும் சேர்ப்பும் நெருங்கி வந்தால் தராசு முள் அசையாது. எலியில் விதைப்பையை ஒட்டிய கொழுப்பு, சிறுநீரகத்துக்குப் பின்னால் உள்ளது, குடல்தாங்கிக் கொழுப்பு, தொடையிடுக்குத் தோலடிக் கொழுப்பு என்று தனித்தனியே எடுத்து நிறுக்க வேண்டும். கூடவே ஒரு கால் தசை, ஈரல், அட்ரினல், தைமஸ் (நெஞ்சில் உள்ள நோய் எதிர்ப்பு உறுப்பு). அட்ரினல் பெருத்துத் தைமஸ் சுருங்கியிருந்தால் அழுத்தம் நீடித்திருக்கிறது என்று கொள்ளலாம். அழுத்த ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே 1936இல் எலிகளில் விவரித்த அதே அடையாளங்கள்தான்.

13. சத்தத்தாலயா, தின்னது குறைஞ்சதாலயா? எப்படிப் பிரிச்சுச் சொல்றது?

இதைக் கேட்காமல் விடுவதால் வீணாகும் ஆய்வுகள் ஏராளம். உரத்த சத்தத்தில் எலி பெரும்பாலும் குறைவாகத் தின்னும். ஒரு கணக்கைப் பார்ப்போம்: 300 கிராம் எலி நாளைக்கு 20 கிராம் தின்கிறது, தீவனத்தில் 20 சதவீதம் கேசின் என்றால் கிடைப்பது 4 கிராம் கேசின். சத்தத்தில் 15 கிராமாகக் குறைந்தால் 3 கிராம்தான். பை மேல் '20 சதவீதம்' என்றே எழுதியிருக்கும், உடலுக்குப் போனதோ முக்கால் பங்கு. அதே 4 கிராம் போய்ச் சேர வேண்டுமானால் தீவனத்தில் ஏறக்குறைய 27 சதவீதம் கேசின் இருக்க வேண்டும்.

அதனால் மூன்றாவதாக ஒரு குழு வேண்டும்: அமைதியான அறையில் இருக்கும், ஆனால் சத்தக் குழு முந்தின நாள் தின்ற அளவு மட்டுமே கொடுக்கப்படும் குழு. சிந்தியதை அள்ளி நிறுத்துக் கழிக்க மறக்காதீர்கள். பதறும் எலி நிறையச் சிந்தும். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. அளவாகக் கொடுத்த தீனியை எலி ஒரே மூச்சில் தின்றுவிட்டு மீதி நேரம் பட்டினி கிடக்கும். அதுவே கொழுப்பு வேதியியலை மாற்றும். அன்றைய தீனியை இரண்டு மூன்று பங்காகப் பிரித்து, பெரும்பங்கை இருள் தொடங்கும் நேரத்தில் கொடுங்கள்.

14. புரதத்தைக் கூட்டித் தீவனம் கலக்கும்போது எதை எடுக்கணும்?

ஏ.ஐ.என்-93 வளர்ச்சித் தீவனத்தில் கிலோவுக்குச் சோளமாவு 397.5 கிராம், கேசின் 200, டெக்ஸ்ட்ரின் ஆக்கிய மாவு 132, சர்க்கரை 100, சோயா எண்ணெய் 70, நார் 50, தாதுக்கலவை 35, வைட்டமின் கலவை 10, சிஸ்டின் 3, கோலின் பைடார்ட்ரேட் 2.5. கேசினை 300 ஆக்க வேண்டுமானால் சோளமாவிலிருந்து 100 கிராமை எடுங்கள். இரண்டும் கிராமுக்கு ஏறக்குறைய 4 கிலோகலோரி என்பதால் மொத்த ஆற்றல் பெரிதாக மாறாது. எண்ணெயைக் குறைத்துப் புரதத்தை ஏற்றினால், கொழுப்பு மாறியது எதனால் என்று யாராலும் சொல்ல முடியாது.

கேசினில் கந்தக அமினோ அமிலம் குறைவு, அதற்குத்தான் சிஸ்டின். கேசின் அளவை மாற்றும்போது சிஸ்டினையும் அதே விகிதத்தில் மாற்றுங்கள் (200க்கு 3 என்றால் 300க்கு 4.5). கோலினைத் தொடாதீர்கள், காரணம் 10இல். வணிகத் தீவனம் ஒன்றையும் கலந்த தீவனம் ஒன்றையும் ஒப்பிடுவது வேண்டவே வேண்டாம், அவற்றில் புரதம் தவிர இருபது விஷயங்கள் மாறியிருக்கும்.

15. கேசின் நல்லதா, சோயாவா?

கொழுப்பைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றல்ல. கொலஸ்ட்ரால் துளியும் இல்லாத, கேசினை வைத்துக் கலந்த தீவனத்தில்கூட முயலுக்கு இரத்தக் கொலஸ்ட்ரால் ஏறும். சோயாப் புரதத்தில் அப்படி ஏறாது. ஒப்பிடும் குழுக்களுக்கு ஒரே புரத மூலத்தைப் பயன்படுத்துங்கள்.

16. எலியில பார்த்ததைக் கோழிக்கும் பன்றிக்கும் அப்படியே சொல்லலாமா?

முடியாது. புதுக் கொழுப்பு உருவாகும் இடமே வேறு: கோழியில் பெரும்பாலும் ஈரல், பன்றியிலும் மாட்டிலும் கொழுப்புத் திசு, எலியில் இரண்டிலும். கோழியில் கொழுப்பை உடைக்கும் முதன்மை ஹார்மோன் குளுக்ககான். எலியில் பழுப்புக் கொழுப்பு சூடாக்கி ஆற்றலைச் செலவழிக்கும்; கோழிக்கும் பன்றிக்கும் அந்த வேலையைச் செய்யும் யு.சி.பி-1 என்ற புரதம் இல்லை. நீடித்த அழுத்தத்தில் எலி பொதுவாக எடை குறையும். சிரிய வெள்ளெலி, தன்னினத்தோடு சண்டையிட்டுத் தோற்கும் அழுத்தத்தில், எடை கூடும்.

பன்றியில் இன்னொரு நுணுக்கம். அமினோ அமிலங்களைத் தனியாகச் சேர்த்து மொத்தப் புரதத்தைக் குறைத்தால் யூரியா செய்யும் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்ச ஆற்றல் முதுகுக் கொழுப்பாகிறது. நிகர ஆற்றல் அடிப்படையில் தீவனம் கணக்கிட்டால் இதைத் தவிர்க்கலாம். மாட்டில் தீவனப் புரதத்தில் பெரும்பகுதியை வயிற்று நுண்ணுயிர்கள் பிரித்துவிடுவதால், ஈரலுக்கு மெத்தியோனினோ கோலினோ போய்ச் சேர அவற்றை உறையிட்டுக் கொடுக்க வேண்டும்.

17. கொட்டகையில திடீர்ச் சத்தம் வந்தா கோழி எல்லாம் ஒரு மூலையில குவியுது. என்ன பண்றது?

அந்த நிமிடத்தின் ஆபத்து மூச்சுமுட்டல்தான், கொழுப்புக் கணக்கெல்லாம் பிறகு. மூலைகளைத் தகட்டாலோ வலையாலோ வளைத்து அடைத்துவிடுங்கள். உள்ளே நுழையும் முன் கதவைத் தட்டுங்கள், தினமும் ஒரே மாதிரி. குஞ்சுப் பருவத்திலிருந்தே தாழ்ந்த அளவில் மாறுபடும் பின்னணி ஒலி இருந்தால், வெளிச் சத்தம் வெறும் அமைதியின் மேல் விழாது.

பிறகு மூலத்தைத் தேடுங்கள். கீச்சிடும் விசிறித் தாங்கு உருளையை மாற்றுங்கள். ஜெனரேட்டரை ரப்பர் மெத்தையில் வைத்துக் கொட்டகையிலிருந்து தள்ளி நிறுத்துங்கள். தீவனக் குழாய் மோட்டார்கள் எல்லாம் ஒரே நொடியில் ஓடத் தொடங்காமல் நேரத்தைப் பிரித்து வையுங்கள்.

18. சத்தத்துக்குப் பயந்து பூனை கட்டிலுக்கு அடியில போயிடுச்சு, ரெண்டு நாளா தின்னலை. குண்டுப் பூனைதானே, தாங்கும்ல?

குண்டுப் பூனைதான் தாங்காது. பட்டினியில் அதன் கொழுப்பு வெள்ளமாக ஈரலுக்கு இறங்கும். பூனையோ உயர்புரத உணவுக்குப் பழகிய உடல். புரதம் வராவிட்டாலும் அமினோ அமிலங்களை உடைக்கும் நொதிகளை அதனால் போதிய அளவு அடக்க முடியாது. 10ஆம் கேள்வியில் சொன்ன வண்டியைச் செய்யும் பொருள் தீர்ந்து ஈரல் கொழுப்பால் அடைபடும். மஞ்சள் காமாலை, வாந்தி, தளர்ச்சி வரும். கவனிக்காவிட்டால் உயிர் போகும். இரண்டு நாள் முழுமையாகத் தின்னாத பூனையை மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும்.

வீட்டில் வலுக்கட்டாயமாகப் பால்சோறு ஊட்டி ஈடுகட்ட முடியாது. மருத்துவர் பெரும்பாலும் குழாய் வழியாகப் புரதம் நிறைந்த உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே கொடுப்பார். வேகமாக ஊட்டினால் இரத்தத்தில் பாஸ்பரஸும் பொட்டாசியமும் திடீரென்று விழும். அம்மோனியாவால் மூளை பாதித்த அறிகுறி இருந்தால் மட்டுமே புரதத்தைக் குறைப்பார்கள்.

19. ஒரே எலி, ஒவ்வொரு தடவையும் இரத்த முடிவு மாறுது. கருவி கோளாறா?

பெரும்பாலும் கை கோளாறு. கூண்டைத் தொட்டதிலிருந்து மூன்று நிமிடத்துக்குள் இரத்தம் எடுத்தால்தான் கார்ட்டிகோஸ்டீரோனின் அடிநிலை கிடைக்கும் (1ஆம் கேள்வியில் சொன்ன நேரக் கணக்கு). அதன்பிறகு நீங்கள் அளப்பது உங்கள் கையைக் கண்ட பயத்தை. நேரமும் ஒன்றாக இருக்க வேண்டும்: இரவில் நடமாடும் எலிக்கு இந்த ஹார்மோன் இயல்பாகவே விளக்கணையும் நேரத்தில் உச்சத்தில் இருக்கும்.

ட்ரைகிளிசரைடுக்கு நான்கு முதல் ஆறு மணி நேரம் தீனி நிறுத்தினால் போதும். சுண்டெலியை இரவு முழுவதும் பட்டினி போட்டால் உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இழந்துவிடும். கட்டற்ற கொழுப்பமிலத்துக்குக் குழாயைப் பனிக்கட்டியில் வைத்து உடனே பிளாஸ்மாவைப் பிரியுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசி ஏற்றிய விலங்கில் லைப்பேஸ் இரத்தத்துக்கு வந்துவிடும், அது குழாய்க்குள்ளேயே ட்ரைகிளிசரைடை உடைத்துப் பொய் எண்ணைக் காட்டும்.

20. ஈரல் துண்டுல வெறும் வெள்ளை ஓட்டைதான் தெரியுது. கொழுப்பு எங்க?

மெழுகில் பதித்திருப்பீர்கள். பதிக்கும் வழியில் சைலீனும் ஆல்கஹாலும் கொழுப்பைக் கரைத்துக் கொண்டுபோய்விடும், ஓட்டைதான் மிஞ்சும். உறைய வைத்து வெட்டிய துண்டில் 'ஆயில் ரெட் ஓ' சாயம் போடுங்கள். அளவாகச் சொல்ல வேண்டுமென்றால் குளோரோஃபார்ம் இரண்டு பங்கு, மெத்தனால் ஒரு பங்கு கலவையில் பிரித்தெடுத்து நிறுங்கள்.

21. சத்த அறையில 20 எலி, அமைதி அறையில 20 எலி, ரெண்டிலும் பாதிக்குப் பாதி புரதம் மாத்திக் கொடுத்தேன். எண்ணிக்கை போதும்தானே?

புரதத்துக்குப் போதலாம், சத்தத்துக்குப் போதாது. தீவனத்தை ஒவ்வொரு கூண்டுக்கும் தனித்தனியே குலுக்கிக் கொடுத்தீர்கள். அங்கே ஒரு கூண்டு ஓர் அலகு. (ஒரே கூண்டில் நான்கு எலி இருந்தாலும் தீவன அளவு கூண்டுக்கு ஒன்றுதான்.) சத்தத்தையோ அறைக்குக் கொடுத்தீர்கள். அறைகள் இரண்டே. அந்த அறைகளின் வெப்பம், ஈரப்பதம், விளக்கு, அங்கே வேலை செய்யும் ஆளின் கை எல்லாம் சத்தத்தோடு கலந்துவிட்டன. 40 எலி இருந்தாலும் சத்தத்தின் கணக்கில் ஒன்றுக்கு ஒன்று.

வழி என்ன? ஒலித்தடுப்புப் பெட்டிகள் ஆறோ எட்டோ செய்து, ஒவ்வொன்றிலும் ஒலிபெருக்கி வையுங்கள். அமைதிப் பெட்டியிலும் வையுங்கள், ஒலி மட்டும் வேண்டாம், காற்றோட்டமும் வெப்பமும் ஒன்றாக இருக்கட்டும். எந்தப் பெட்டிக்குச் சத்தம் என்பதைக் குலுக்கிப் போடுங்கள், ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் இரண்டு தீவனக் கூண்டுகளும் இருக்கட்டும். சத்தத்தைப் பெட்டி வேறுபாட்டோடும், புரதத்தையும் இரண்டின் கூட்டு விளைவையும் கூண்டு வேறுபாட்டோடும் ஒப்பிட வேண்டும். பயிர் ஆய்வில் 'ஸ்பிளிட் பிளாட்' என்று வழங்கும் அதே முறைதான். பெட்டி வாங்க வசதியில்லை என்றால் அறைகளை மாற்றி மாற்றிப் புது எலிகளோடு நான்கைந்து சுற்று நடத்துங்கள். நாள் பிடிக்கும், ஆனால் 13இல் சொன்ன அளவுத் தீனிக் குழுவையும் அதிலேயே சேர்த்துவிடலாம்.